கவிப்பிரியாவின் பிளேசருக்குள் யார்?

மேலாண்மைத் துறைக் கட்டடத்துக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு முகிலன் அண்ணாந்து பார்த்தான். முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி. உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாது. வெளியே நிற்பவன் வேண்டுமானால் அதில் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். முகிலன் வாரிக்கொண்டான்.

"ஏனுங்க மேடம், இது காலேஜுங்களா நகைக்கடைங்களா?"

"நகைக்கடைல வர்றவங்கள உள்ள விடுவாங்க கண்ணு," என்றார் நிர்மலா, ஹெல்மெட்டைக் கழற்றியபடி.

நிர்மலாவின் துப்பறியும் ஆபீஸ் காதர்பேட்டையில், ஒரு பனியன் மொத்தக் கடையின் மாடியில் இருந்தது. அதற்கு முன்னால் அவர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் கம்ப்ளையன்ஸ் பார்த்தவர். அதாவது, வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்காரர்கள் வருவதற்கு முந்தின நாள், கம்பெனியை மனுஷர்கள் வேலை செய்யும் இடம் போல மாற்றிக் காட்டுகிற உத்தியோகம். முகிலன் இதே மாதிரி ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் பி.பி.ஏ. படித்தவன். படித்த பலனாக இப்போது நிர்மலாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிறான்.

வாசலில் காத்திருந்த கவிப்பிரியா குள்ளமான பெண். எம்.பி.ஏ. கடைசி செமஸ்டர். அவள் சிக்கல் இதுதான்.

போன வாரம் பல்கலைக்கழகத்துக்குத் தர மதிப்பீட்டுக் கமிட்டி வந்தது. மூன்றாம் மாடி செமினார் ஹாலில் மாணவர்களோடு கலந்துரையாடல். கறுப்பு பிளேசர் போட்ட ஒரு பெண் எழுந்து கமிட்டித் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. தலைவர் அவள் நெஞ்சில் தைத்திருந்த பெயரைப் படித்து, கேள்வியையும் பெயரையும் அறிக்கையில் எழுதிக்கொண்டு போனார். பெயர் கவிப்பிரியா. நாளைக்குப் பரீட்சை. அவள் ஹால் டிக்கெட்டை டீன் பிடித்து வைத்துவிட்டார். இன்றைக்கு நாலு மணிக்கு விசாரணை.

"ஆனா நான் அன்னைக்கு இங்கயே இல்ல மேடம்," என்றாள் கவிப்பிரியா. "எங்க கிளாஸ் மொத்தத்தையும் இன்டஸ்ட்ரியல் விசிட்னு பஸ்ல ஏத்தி பொங்கலூர் கொண்டு போயிட்டாங்க. கோழிப்பண்ணைக்கு."

"கோழிப்பண்ணைல எம்.பி.ஏ.வுக்கு என்னங்க வேலை?" என்றான் முகிலன்.

"அது கோழிக்கே புரியல."

"பிளேசர் எங்க இருந்துச்சு?" நிர்மலா கேட்டார்.

"முந்தின நாளே ட்ரை க்ளீனிங்குக்குன்னு எல்லார்கிட்டயும் வாங்கிட்டாங்க. திரும்பி வந்தப்ப மடிச்சுக் குடுத்தாங்க. துவைச்ச மாதிரி இல்ல. என்னோடதுல தேங்காய் எண்ணெய் வாசம்."

"பஸ்ல இருந்தவங்க யாராச்சும் சாட்சி சொல்வாங்களா?"

"சொன்னா, அப்ப ஹால்ல இருந்தது யாருன்னு கமிட்டி கேக்கும். காலேஜ் கிரேடு போயிரும். எங்க டிகிரிய எவன் மதிப்பான்? கிளாஸ் வாட்ஸப் குரூப்புல எல்லாரும் எனக்காக ஒரு கும்பிடு போட்டிருக்காங்க. அதோட சரி."

ஆகவே பிடித்துக்கொண்டு போக ஒரே நூல்தான் இருந்தது: அன்றைக்கு அந்த பிளேசருக்குள் இருந்தது யார்?

"மொதல்ல கட்டடத்தக் காட்டு கண்ணு," என்றார் நிர்மலா.

லிஃப்ட் பளபளவென்று இருந்தது. கார்டு தேய்த்தால்தான் திறக்கும். மாணவர்களுக்குக் கார்டு கிடையாது. படியேறினார்கள். முதல் மாடியில் முட்டை வடிவத்தில் ஆரஞ்சு நாற்காலிகள் வட்டமாக. 'குழு விவாத மையம்' என்று பலகை. நாற்காலிகளுக்கு வந்த பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. சுற்றிலும் கோயிலில் மூலவருக்கு முன்னால் கட்டுவது போல ஒரு கயிறு. விவாதம் எல்லாம் படிக்கட்டில்தான் நடந்துகொண்டிருந்தது. கீழ்ப்படியில் முதல் வருஷம், மேல்படியில் கடைசி வருஷம். அந்தக் கட்டடத்தில் ஒரு மாணவனுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பதவி உயர்வு அது.

நூலகத்தில் புத்தகங்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. முதுகைப் பார்க்கலாம். இரண்டாம் மாடியில் 'உன் கனவு இங்கே தொடங்குகிறது' என்று எழுதிய ஒரு கதவு; பூட்டில் துரு. மூன்றாம் மாடியில் கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் மட்டும் வேலை செய்தது. அதில் எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் போட்டு, கொத்துக் கொத்தாகச் செல்போன்கள். முழுக் கட்டடத்திலும் மாணவர்கள் தங்கள் சொத்து என்று சொல்லக்கூடிய இடம் அந்த ஒன்றரை அடிச் சுவர்தான்.

"கிளாஸ் எங்கம்மா நடக்குது?"

கவிப்பிரியா ஜன்னல் வழியாகப் பின்பக்கம் காட்டினாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பழைய நூல் குடோன். "மழை பேஞ்சா லெக்சர் கேக்காது. வெயில் அடிச்சா கேக்கும், ஆனா நாங்க கேக்க மாட்டோம்."

"எங்க காலேஜும் இதே கதிதானுங்க," என்றான் முகிலன். "ப்ரோஷர்ல கட்டடத்தப் பாத்துத்தான் சேர்ந்தேன். மூணு வருஷமும் ப்ரோஷர்லயேதான் பாத்தேன்."

கவிப்பிரியா சிரிக்கவில்லை. "எங்க அக்காகிட்ட மட்டும் ஏசி ஹால்லதான் கிளாஸ், சுத்துற சேருன்னு சொல்லி வச்சிருக்கேன் மேடம். அவ சம்பளத்துலதான் படிக்கேன். குடோன்ல உக்காந்திருக்கேன்னு எப்படிச் சொல்ல?"

செமினார் ஹாலின் கதவு பூட்டியிருந்தது. அவள் அதற்குள் போனதே இல்லை.

டீன் சுரேஷின் அறையில் ஏசி நன்றாக வேலை செய்தது. நிர்மலா தன்னைப் பெண்ணின் சித்தி என்றார். முகிலன் கேட்காமலே, தான் மாமன் பையன் என்றான். வீட்டாரை வெட்கப்பட வைக்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை டீன் விடவில்லை. லேப்டாப்பைத் திருப்பி வீடியோவைப் போட்டார்.

"நீங்களே பாருங்க மேடம். உங்க பொண்ணு எங்க மானத்த எப்படி வாங்கினான்னு."

ஹாலின் பின்னாலிருந்து எடுத்த படம். முதுகுகள், தலைகள். ஒரு பெண் கை தூக்கி எழுகிறாள்.

"கொஞ்சம் முன்னாடி இருந்து போடுங்க சார்," என்றார் நிர்மலா.

"முன்னாடி ஒண்ணும் இல்லீங்க."

"புள்ள யாரு பக்கத்துல உக்காந்து கெட்டுப் போனான்னு பாக்கோணுங்க."

டீனுக்கு அது நியாயமாகப் பட்டது. பின்னால் தள்ளினார். கமிட்டித் தலைவர் வடக்கத்திக்காரர். வசதிகளெல்லாம் எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள்: "குடிதண்ணி சுத்தமா இருக்குங்க. டாய்லெட் போக டோக்கன் இல்லீங்க. கட்டாய ஓவர்டைம் கெடையாதுங்க. பதினெட்டு வயசு முடிஞ்சுதான் சேர்ந்தனுங்க."

வீடியோவில் டீனின் குரல் உடனே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது: உலகத் தரமான கல்விச் சூழல் என்கிறாள், ஐயா.

முகிலனுக்கு இருமல் வந்தது. நிர்மலா அவன் காலை மிதித்தார். இருமல் நின்றது.

பிறகு, கை தூக்கிய அந்தப் பெண் எழுந்தாள். மொழிபெயர்ப்புக்கு இடமே கொடுக்காமல், எந்த எக்ஸ்போர்ட் கம்பெனியிலும் எவருக்கும் புரிகிற பாஷையில் கேட்டாள்: "சார், யூ கோ. டோர் ஓப்பனா, டோர் லாக்கா?"

நீங்கள் போனபிறகு இந்தக் கதவெல்லாம் திறந்திருக்குமா, பூட்டிவிடுவார்களா என்கிறாள். கமிட்டித் தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து அவள் நெஞ்சைப் பார்த்து, "மிஸ் கவிப்பிரியா" என்று எழுதிக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்றார் டீன்.

"நல்லாப் பாத்தேனுங்க," என்றார் நிர்மலா.

படிக்கட்டில் இறங்கும்போது கேட்டார். "என்ன பாத்த முகிலா?"

"டீனோட மொழிபெயர்ப்பப் பாத்தேனுங்க. அவர ஐ.நா. சபைக்கு அனுப்பினா உலகத்துல சண்டையே இருக்காது."

"தலைகளப் பாக்கலையா? ஒரு பின்னல் தொங்கல. எல்லாம் சுருட்டி மேல தூக்கிக் கிளிப் போட்டிருந்துச்சு. இந்தப் படிக்கட்டுல உக்காந்திருக்கற புள்ளைங்க யாராச்சும் அப்படிப் போட்டிருக்காங்களா?"

முகிலன் பார்த்தான். விரித்த முடி, குதிரைவால், ஒரு பெண்ணுக்குச் சிவப்பு நிறம்கூட. "இல்லீங்க."

"மிஷின்ல முடி சிக்கும்னு கம்பெனில சுருட்டச் சொல்லுவோம். பழகிட்டா கல்யாணத்துக்குப் போனாலும் கை தானா சுருட்டும். அந்தக் குடிதண்ணிப் பதில், ஆடிட்டுக்கு முந்தின நாள் எல்லாக் கம்பெனிலயும் மனப்பாடம் பண்ண வெக்கறது. நானே சொல்லிக் குடுத்திருக்கேன். இந்தக் காலேஜ் சேர்மனுக்கு அருள்புரத்துல கார்மென்ட்ஸ் இருக்குதல்லோ? அங்கிருந்து டைலருங்கள பஸ்ல ஏத்தி, ஆடிட்டுனு சொல்லிக் கொண்டாந்திருக்காங்க. வந்த புள்ள ஆடிட் பதிலையே சொல்லிடுச்சு."

"ஸ்டூடண்ட் கோழிப்பண்ணைல, டைலரு காலேஜ்ல. கோழிய எங்க வெச்சாங்களாம்?"

"இன்னொண்ணு. கேள்வி கேட்டவ கை தூக்கினப்ப பிளேசர் கை எதுவரைக்கும் இருந்துச்சு?"

முகிலன் யோசித்தான். "முழங்கைக்குக் கொஞ்சம் கீழ. மணிக்கட்டெல்லாம் வெளிய தெரிஞ்சுது."

"மத்தவங்களுக்கெல்லாம் தைச்ச மாதிரி பொருந்தியிருந்துச்சு. குவிச்சுப் போட்டதுல ஆளுக்கு ஒண்ணு எடுத்திருக்காங்க. கார்மென்ட்ஸ்ல வேல செய்யற பொண்ணு கண்ணாலயே சைஸ் சொல்லுவா. அவ ஒருத்தி மட்டும் தனக்குச் சேராத சைஸ எதுக்கு எடுத்தா?"

"பேரப் பாத்து எடுத்திருக்கா," என்றான் முகிலன் மெதுவாக. "கவிப்பிரியாவ மாட்டிவிடணும்னே எடுத்திருக்கா. யாரோ ஆகாதவ."

"இருக்கலாம். உசரமான பொண்ணு. வண்டிய எடு."

அருள்புரத்தில் கம்பெனி வாசலுக்கு எதிரே பேக்கரி. டீ பிரேக்குக்குக் கூட்டம் கொட்டியது. சங்கரன்கோவில் தமிழும் பீகார் இந்தியும் கொங்குத் தமிழும் ஒரே பப்ஸுக்குச் சண்டை போட்டன. எல்லாப் பெண்களும் முடியைச் சுருட்டித் தூக்கியிருந்தார்கள். உயரமானவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

"ஒவ்வொருத்தர் கையையும் டேப் வெச்சு அளக்கவாங்க?"

நிர்மலா டீ வாங்கினார். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, காது கேளாதவருக்குச் சொல்வது போல உரக்கச் சொன்னார்: "பாவம் முகிலா, அந்தக் கவிப்பிரியா. நாளைக்குப் பரீட்சை எழுத விட மாட்டாங்களாமே."

கூட்டத்தில் யாரும் திரும்பவில்லை. ஒரே ஒருத்தி திரும்பினாள். உயரமான பெண். கையில் வாங்கிய டீயைக் குடிக்காமல் நேராக அவர்களிடம் வந்தாள்.

"கவிக்கு என்ன?"

முகிலனிடம் ஆகாதவளுக்கென்று ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அதை முழுங்கிக்கொண்டான்.

"நீங்க யாரும்மா?" என்றார் நிர்மலா.

"வேல்விழி. அவ அக்கா. கவிக்கு என்னன்னு சொல்லுங்க."

நிர்மலா சொன்னார். வேல்விழி கிளாஸைப் பக்கத்து மேசையில் வைத்தாள். அது விளிம்பில் நின்றது; முகிலன் உள்ளே தள்ளி வைத்தான்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே," என்றாள். "சூப்பர்வைசர் வந்து, சேர்மனோட காலேஜ்ல ஆடிட்டு, ஒரு நாள் போய் உக்காந்துட்டு வாங்கன்னாரு. கோட்டு குவிச்சுக் கெடந்துச்சு. அதுல எந் தங்கச்சி பேரு. அத வேற ஒருத்தி போட விடுவேனா? சின்னதாத்தான் இருந்துச்சு, போட்டுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"உள்ள போனா, அவ சொன்ன மாதிரியே இருக்கு. ஏசி, சுத்துற சேரு, எல்லாம். எனக்கு அவ்வளவு சந்தோசம். பொறகு பாத்ரூம் போனேன். புதுச் சோப்பு, அப்பத்தான் கவரு பிரிச்சு வச்சது. எங்க கம்பெனில ஆடிட்டு அன்னைக்கு மட்டுந்தான் சோப்பு வைப்பாங்க. சாயங்காலம் எடுத்துருவாங்க. அப்ப இங்கயும் அப்படியான்னு தோணிருச்சு. தினமும் தொறந்திருக்குமான்னு தெரிஞ்சுக்கிடணும்ல, எந் தங்கச்சி படிக்கிற எடம். கேட்டுட்டேன். நெஞ்சுல அவ பேரு இருக்குங்கிறது மறந்துபோச்சு."

முகிலன் கண்டுபிடித்த 'ஆகாதவள்' இவள்தான். அவன் தரையைப் பார்த்தான்.

"நானே வந்து டீனுகிட்ட சொல்லுதேன்," என்றாள் வேல்விழி. "வேல போனா போவுது."

"உங்க வேல போனா அவ படிப்பும் போகும் சாமி. ரெண்டு எடத்துக்கும் மொதலாளி ஒருத்தர்தான். நான் பேசிப் பாக்கறேன். நீங்க பெர்மிஷன் போட்டுட்டு கேட்டுக்கு வெளிய இருங்க."

நாலு மணிக்குச் சற்று முன்னால், படிக்கட்டில் வைத்து நிர்மலா கவிப்பிரியாவிடம் சொன்னார். அவள் முகம் சிவந்துவிட்டது.

"அவள யாரு வாயத் தொறக்கச் சொன்னா? அவ பாட்டுக்கு உக்காந்துட்டு வரவேண்டியதுதானே?"

அவள் கீழே குடோன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேறு குரலில் கேட்டாள்.

"அப்ப அவ ஹாலுக்குள்ள போய்ப் பாத்துட்டாளா? எப்படி இருந்துச்சாம்?"

"நல்லா இருந்துச்சாம்," என்றார் நிர்மலா.

டீன் அறையில் நிர்மலா சுற்றி வளைக்கவில்லை. "சித்தி இல்லீங்க, நான் டிடெக்டிவ். அன்னைக்கு ஹால்ல இருந்தது உங்க ஸ்டூடண்ட்ஸ் இல்ல, அருள்புரத்து டைலருங்க. இந்தப் புள்ளைக்கு ஹால் டிக்கெட்டக் குடுங்க. நான் பாத்ததை மறந்துடறேன்."

டீன் சுரேஷ் அசரவில்லை. அதுதான் முகிலனுக்குப் பயமாக இருந்தது. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மறக்காதீங்க மேடம். கமிட்டிக்கே எழுதிப் போடுங்க. இவ கிளாஸ் மொத்தத்துக்கும் சர்ட்டிபிகேட் வெறும் காகிதம் ஆகும். லோன் வாங்கிப் படிக்கறவனெல்லாம் எங்கிட்ட வர மாட்டான். இவ ஊட்டு வாசல்லதான் வந்து நிப்பான்."

கவிப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு இந்தப் பொண்ணு மேல என்னங்க கோவம்?" டீன் குரல் இளகியது. "சேர்மன் என்னைய நிக்க வெச்சுக் கேக்கறாரு. அவருக்கு ஒரு ஆள் வேணும். கம்பெனில எவ கேட்டாள்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பேரச் சொல்லுங்க. ஹால் டிக்கெட் இந்தா." மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து மேலே வைத்தார். கவிப்பிரியாவின் போட்டோ அதில் சிரித்துக்கொண்டிருந்தது. "கம்பெனிக்காரி ஒருத்தி போனா இன்னொருத்தி வருவா. இது படிக்கற புள்ள. யோசிங்க."

முகிலன் நிர்மலாவைப் பார்த்தான். அவர் ஹால் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார் கேட்டேன்," என்றாள் கவிப்பிரியா.

டீன் அவளைப் பார்த்தார். "நீ பொங்கலூர்ல இருந்தம்மா."

"இல்ல சார். ஹால்லதான் இருந்தேன். நீங்க கமிட்டிக்குக் குடுத்த கணக்குல அப்படித்தான இருக்கு? தப்பாவா குடுத்திருப்பீங்க?"

"கண்ணு, கொஞ்சம் பொறு," என்றார் நிர்மலா.

"பொறுத்தாச்சு மேடம்."

டீன் ஒரு நிமிஷம் பேனாவை உருட்டினார். அவள் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அந்த அறையில் அந்தப் பொய்யால் யாருக்கும் தொந்தரவு இல்லை. சேர்மனுக்கு ஆள் கிடைத்தாயிற்று, கணக்கு நேராயிற்று. அவர் ஹால் டிக்கெட்டை எடுத்து, கோபமே இல்லாமல், அழகாக இரண்டாகக் கிழித்தார்.

"ஒரு வருஷம் சஸ்பென்ஷன். அடுத்த வருஷம் வந்து எழுதிக்கலாம்," என்றார். பிறகு, தான் நல்லவன் என்று நினைவு வந்தது போல, "தண்ணி குடிக்கறயாம்மா?" என்றார்.

கேட்டுக்கு வெளியே வேல்விழி நின்றுகொண்டிருந்தாள். செக்யூரிட்டி அவளை உள்ளே விடவில்லை; இன்றைக்கு அவள் பிளேசர் போட்டிருக்கவில்லை. தங்கையைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"என்ன சொன்னாங்க? நான் உள்ள வரவா?"

"வேண்டாம்க்கா. எல்லாம் முடிஞ்சிருச்சு," என்றாள் கவிப்பிரியா. "மேடம் பேசினாங்க. எழுதலாம்னுட்டாங்க."

வேல்விழி நிர்மலாவைப் பார்த்துக் கும்பிட்டாள். நிர்மலாவின் கைகள் ஹெல்மெட்டோடு அப்படியே நின்றன. முகிலன் வாயைத் திறந்தான். கவிப்பிரியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"நாளைக்கு எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்குக்கா."

"அப்ப நான் காலையில பெர்மிஷன் போடுதேன். நானே கொண்டாந்து விடுதேன். நீ உள்ள போறதப் பாத்துட்டுத்தான் கம்பெனிக்குப் போவேன்."

"சரிக்கா," என்றாள் கவிப்பிரியா.

பல்லடம் ரோட்டில் பஸ் வந்தது. ஷிப்ட் விட்ட கூட்டம், நிற்கவே இடமில்லை. வேல்விழி முண்டியடித்து ஏறி, யாரிடமோ கெஞ்சி ஒரு சீட் பிடித்து, தங்கையை அதில் உட்கார வைத்தாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை நிற்கக் கூடாதாம்.